கெட்டிமேளத்துக்குப் பிறகு ஒரு கிட்டார்

போடிநாயக்கனூரில் மலையேறத் தொடங்கி, போடிமெட்டையும் பூப்பாறையையும் தாண்டி மூணாற்றை நோக்கிப் போகிற கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது சின்னக்கானல். இடுக்கி மாவட்டத்துத் தேயிலை, ஏலக்காய்த் தோட்டங்களுக்கு நடுவே தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் ஊர். ஆனையிறங்கல் நீர்த்தேக்கம், அருவி, சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் ஏறும் கொழுக்குமலை ஆகியவற்றைப் பார்க்க வருகிறவர்களை நம்பி இங்கே ரிசார்ட்டுகள் எழுந்தன. அவற்றின் புல்வெளிகளில் இப்போது கல்யாண வரவேற்பு, அறுபதாம் கல்யாணம், அலுவலக விருந்து எல்லாம் நடக்கின்றன. சமவெளி மண்டபத்தில் ஆயிரம் பேரைக் கூட்டுகிற குடும்பமும் மலைக்கு வந்தால் நூறு, நூற்றைம்பது பேரோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. அறைகள் குறைவு, கொண்டை ஊசி வளைவுகளில் அதற்கு மேல் ஆட்களை ஏற்றிக்கொண்டு வருவதும் சிரமம்.

கூட்டம் சிறுத்ததும் ஒரு கேள்வி வருகிறது: யாரை வாசிக்கச் சொல்வது? நாதஸ்வரமும் தவிலும் சரி. அதற்கு மேல் செண்டை மேளமா, மெல்லிசைக் குழுவா, டிஜேயா, தனியாக ஒரு கிட்டார் கலைஞரா? ஒற்றைக் கிட்டார் என்றதும் வீட்டுப் பெரியவர்கள் இரண்டு விதமாக முகம் சுளிப்பார்கள். ஒன்று, ‘இது வெள்ளைக்காரப் பழக்கம்’. இன்னொன்று, ‘குழுவுக்குக் கொடுக்கக் காசில்லாமல் ஒருத்தரோடு நிறுத்திவிட்டார்கள் என்று நாளைக்குப் பேசுவார்கள்’. இரண்டுமே நாகரிகத்தையும் செலவையும் வைத்து எடைபோடுகின்றன. கல்யாணத்தில் ஒவ்வொரு சத்தமும் எந்த நேரத்தில் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால், கிட்டாருக்குரிய இடமும் தெரியும், அது கூடாத இடமும் தெரியும். மலைமேல் நடக்கும் சிறிய வரவேற்புக்கு ஒரே ஒரு கிட்டார் கலைஞர் போதும் என்பதோடு, பெரும்பாலும் அதுவே பொருத்தமும்கூட என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

சத்தம் செய்யும் இரண்டு வேலைகள்

தாலி கட்டும் நேரத்தில் ‘கெட்டிமேளம், கெட்டிமேளம்’ என்று குரல் எழுந்ததும் தவில் வேகம் பிடிக்கிறது, நாதஸ்வரம் உச்சத்துக்கு ஏறுகிறது. தும்மல், அழுகை, அபசகுனப் பேச்சு எதுவும் அந்தக் கணத்தில் காதில் விழக்கூடாது என்பது நம் வீடுகளில் வழிவழியாகச் சொல்லப்படும் காரணம். அதாவது அந்த இசையின் வேலை மற்ற எல்லாச் சத்தத்தையும் மூடுவது. அந்த வேலைக்கு ஏற்றபடியே கருவியும் அமைந்திருக்கிறது. சீவாளியில் ஊதும் காற்று, போகப்போக விரியும் மரக்குழல் வழியாக அணசில் வெளியேறுகிறது. கோயில் பிரகாரத்துக்கும் தேரோடும் வீதிக்கும் வளர்ந்த கருவி அது. மைக் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே ஊர்கோலத்தின் முன்னால் நடந்தது. செண்டையும் அப்படித்தான், பூர வெளியில் திரண்ட கூட்டத்துக்கானது. மூடுவதற்கும் அறிவிப்பதற்கும் பிறந்த இந்தக் கருவிகளை நான்கு சுவருக்குள் இரண்டு மணி நேரம் தொடர்ந்து வாசிக்கச் சொல்வது கலைஞருக்கும் கஷ்டம், கேட்பவருக்கும் கஷ்டம்.

கிட்டாரின் பிறவி வேறு. இன்று நாம் காணும் ஆறு தந்திக் கிட்டாரின் உருவம் 19ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் அந்தோனியோ டி டோரஸ் என்ற கைவினைஞரின் பட்டறையில் திடப்பட்டது. சுமார் 65 சென்டிமீட்டர் அதிரும் தந்தி, மெல்லிய மரப்பலகை, உள்ளே காற்று; அவ்வளவுதான். ஒரு அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எட்டுகிற ஒலி. மைக் இல்லாமல் நூறு பேர் பேசும் கூடத்தில் அதை வாசித்தால் மூன்றாம் வரிசைக்குக் கேட்காது. இந்தக் குறையேதான் வரவேற்பு நேரத்தில் அதன் பலம். முகூர்த்தம் முடிந்தபின் கல்யாணத்தில் மிச்சமிருக்கும் முக்கியமான காரியம் பேச்சு. பத்து வருடமாகப் பார்க்காத பெரியம்மாவும் துபாயிலிருந்து வந்த மாமா மகனும் பேசிக்கொள்வது அப்போதுதான். இரண்டு குடும்பங்களும் ஒன்றையொன்று எடைபோட்டுப் பழகுவதும் அந்த நேரத்தில்தான். அங்கே இசை பேச்சை மூடக்கூடாது. பேச்சுக்கு இடம் விட்டு நிற்க வேண்டும்.

இதை ரசனை சார்ந்த விஷயம் என்று மட்டும் ஒதுக்க முடியாது. சாதாரணமாகப் பேசும் ஒருவரின் குரல் ஒரு மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 60 டெசிபெல் இருக்கும். சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறார். பிரெஞ்சு நாட்டுக் காது மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911இல் இதைப் பற்றி எழுதினார்; இன்றும் அவர் பெயராலேயே அது ‘லொம்பார் விளைவு’ எனப்படுகிறது. கல்யாண வரவேற்பில் நடப்பது இதன் தொடர்கதை. குழு சத்தத்தைக் கூட்டுகிறது, விருந்தினர் கத்திப் பேசுகிறார்கள், பேச்சிரைச்சலில் பாட்டுக் கேட்கவில்லை என்று மைக்செட்காரர் இன்னும் கூட்டுகிறார். கடைசியில் பேசவும் முடியாது, பாட்டும் புரியாது. விருந்தினர் கவரைக் கொடுத்துவிட்டுப் பந்திக்கு நழுவுகிறார்கள். இன்னொன்றும் உண்டு. திறந்த வெளியில் ஒலிபெருக்கியிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் ஒலி சுமார் 6 டெசிபெல் குறையும். மேடையில் இரண்டு பெரிய பெட்டிகளை வைத்துப் பின்வரிசைக்குக் கேட்கச் செய்தால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா பாட்டியின் காது அடைத்துப்போவது இதனால்தான். ஒற்றைக் கிட்டாருக்குச் சிறிய பெட்டிகள் இரண்டைத் தள்ளித் தள்ளி, தாழ்ந்த அளவில் வைத்தால் எல்லோருக்கும் ஒரே சீராகக் கேட்கும்.

மலை சொல்லும் கணக்கு

சின்னக்கானல் போன்ற இடத்தில் இந்த வாதத்துக்குக் கூடுதல் வலு இருக்கிறது. அரிக்கொம்பன் என்று பெயர் பெற்ற காட்டு யானையை 2023 ஏப்ரல் 29ஆம் தேதி மயக்க ஊசி செலுத்திப் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குக் கொண்டுபோனது இந்த ஊர்ப் பக்கத்திலிருந்துதான். அது போனபின்னும் இந்த மலை யானைகள் நடமாடும் மலைதான். ரிசார்ட்டின் வேலிக்கு அந்தப் பக்கம் தோட்டத் தொழிலாளரின் லயங்கள் இருக்கின்றன. விடிந்ததும் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் அங்கே உறங்குகிறார்கள். சமவெளி நகரத்தில் வண்டி இரைச்சலோடு கலந்துவிடும் ஒலிபெருக்கிச் சத்தம், இங்கே அமைதியான பள்ளத்தாக்கைத் தாண்டி அடுத்த குன்றுவரை போகும். விருந்தைக் கொடுப்பவர் காசு கொடுத்திருப்பது புல்வெளிக்குத்தான், மலை முழுவதற்கும் இல்லை.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகளின்படி ஒலிபெருக்கி வைக்க உரிய அதிகாரியின் எழுத்துமூல அனுமதி வேண்டும். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. பலர் கவனிக்காதது, அந்தத் தடையில் இசைக்கருவிகளும் அடக்கம் என்பது. குடியிருப்புப் பகுதிக்கு வரையறுத்த அளவு பகலில் 55 டெசிபெல், இரவில் 45. ஆண்டுக்கு 15 நாளுக்கு மேற்படாமல் பண்பாட்டு, சமய விழாக்களுக்கு நள்ளிரவுவரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. அதை ஒவ்வொரு வீட்டு விருந்துக்குமான சலுகையாக நினைத்துக்கொள்ளக் கூடாது. ஆகவே ‘பத்தரைக்கு நெருப்பு மூட்டிச் சுற்றி உட்கார்ந்து கிட்டார் கேட்கலாம்’ என்று திட்டமிடுகிறவர்கள், அதை எட்டு மணிக்கு நகர்த்தலாம் அல்லது கதவடைத்த கூடத்துக்குள் கொண்டுபோகலாம். சிறிய கருவியை அமர்த்துவதன் வசதி, இப்படி உள்ளே நகர்வது ஐந்து நிமிட வேலையாக இருப்பது. மலையில் திடீரென மழை இறங்கினாலும் அதே வசதிதான்.

நம்முடையதா, அன்னியமா?

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதலாவது, கிட்டார் நம் மரபில்லை என்பது. கச்சேரி மேடையில் இன்று பிரிக்க முடியாதபடி ஒன்றிவிட்ட வயலின், 200 ஆண்டுகளுக்கு முன் பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய முறையில் கற்றுக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தது. கிளாரினெட்டை ஏ.கே.சி. நடராஜன் தம் வாழ்நாளில் மங்கல வாத்தியமாகவே ஆக்கிக் காட்டினார். ஹார்மோனியம் இல்லாத நாடக மேடையும், டிரம்பெட் இல்லாத பேண்டு வாத்தியமும் நமக்குத் தெரியாது. கிட்டாரும் தமிழ்க் காதுக்குப் புதிதில்லை. ‘மூடுபனி’ (1980), ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படங்களில் கிட்டாரைத் தோள்மேல் தாங்கிய பாடல்களை இன்று அறுபதைத் தொடுகிறவர்கள் தங்கள் இளமைப் பாட்டாகச் சொல்வார்கள். அந்த இசையைத் தந்த இளையராஜா, இசையமைப்பாளராகுமுன் சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் கிட்டார் வாசித்தவர். பாட்டியின் காதுக்குப் பழகிய கருவியைப் பேத்தியின் கல்யாணத்தில் அன்னியம் என்று சொல்வது பொருந்தாது.

இந்த மலைகளுக்கே இன்னும் நெருக்கமான ஒரு சாட்சியம் உண்டு. 1958இல் தேவிகுளம் சட்டமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. கம்யூனிஸ்ட் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் வென்றார். தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் நிறைந்த அந்தத் தொகுதியில் கட்சிக்காக ஊர் ஊராகப் பாடியவர், கீழே தேனிப் பக்கத்துப் பண்ணைபுரத்திலிருந்து வந்த பாவலர் வரதராஜன், இளையராஜாவின் அண்ணன். பெரிய வாத்தியக் கோஷ்டி இல்லாமல், சில கருவிகளும் ஒரு குரலும் எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய் மக்களைக் கட்டிப்போட்ட வரலாறு இது. மலையில் இசை எப்போதும் கையில் தூக்கிப் போகக்கூடிய அளவில்தான் நடந்திருக்கிறது. மூணாறுப் பக்கத்துத் தேவாலயங்களின் பாடகர் குழுக்களிலும் கிட்டார் சகஜம்; உள்ளூரில் நல்ல கை கிடைக்குமா என்று தேடுகிறவர்கள் முதலில் கேட்டுப் பார்க்க வேண்டிய இடமும் அதுதான்.

இரண்டாவது மறுப்பு நியாயமானது: இப்படிப் புதிது புதிதாக அமர்த்தினால் நாதஸ்வரக்காரரின் பிழைப்பு என்னாவது? முகூர்த்தத்துக்கு அவரை நீக்கிவிட்டு அந்த இடத்தில் கிட்டாரை உட்காரவைப்பது தவறுதான், பிழைப்பு கெடுவதால் மட்டுமல்ல, கிட்டாரால் அந்த வேலையைச் செய்ய முடியாது என்பதாலும். இரண்டும் வேறு வேறு நேரத்துக்கு உரியவை. உண்மையில் நாதஸ்வரத்தைக் கல்யாண மண்டபங்களிலிருந்து ஓரங்கட்டியது கிட்டார் இல்லை. மந்திரத்துக்கு நடுவே அலைபேசியில் ஓடவிடும் பதிவு செய்த கெட்டிமேளம்தான் அந்த வேலையைச் செய்கிறது. உயிருள்ள கலைஞருக்குக் கூலி கொடுக்கும் வழக்கம் காலையில் தங்கினால்தான் மாலையிலும் தங்கும்.

அப்படியானால் மாலைக்கும் அலைபேசியே போதுமே, ஆயிரம் பாட்டு இலவசமாக வருமே என்பது மூன்றாவது மறுப்பு. பாட்டு மட்டும் வேண்டுமானால் போதும். ஆனால் பதிவுக்குக் கண் கிடையாது. மணமக்கள் அலங்காரம் முடிந்து வர அரை மணி தாமதமானால் கலைஞர் அடுத்த பாட்டுக்குள் மெதுவாக நுழைந்து நேரத்தை நிரப்புவார். மணமகளின் அப்பா நாலு வார்த்தை பேச எழுந்தால் நடுப்பல்லவியிலும் அழகாக முடித்துக்கொள்வார். மலையாள உறவினர் மேசைப் பக்கம் சலிப்பு தெரிந்தால் யேசுதாஸின் ஒரு பழைய மெட்டுக்குத் தாவுவார். தமிழும் மலையாளமும் சம்பந்தம் செய்யும் இந்த எல்லைப் பகுதியில், சொல்லில்லாமல் மெட்டை மட்டும் வாசிக்கும் கருவிக்கு மொழித் தகராறு இல்லை. ஒரு எச்சரிக்கையும் உண்டு. கலைஞர் ‘மைனஸ் டிராக்’ எனப்படும் தயார்ப் பின்னணியை ஓடவிட்டு அதன்மேல் ஒரு தந்தியை மட்டும் மீட்டினால், கண்ணுள்ள இசை என்ற இந்த அனுகூலம் போய்விடும். தாமே வாசிக்கும் தாளக்கட்டை அங்கேயே பதிந்து சுழலவிடும் லூப்பர் என்ற கருவி வேறு. அதில் கட்டுப்பாடு வாசிப்பவர் காலடியில் இருக்கிறது.

ஐந்நூறு பேர் வரும் மண்டபத்துக்கும், ஆட வேண்டும் என்று காத்திருக்கும் நண்பர் கூட்டத்துக்கும் ஒற்றைக் கிட்டார் போதாது. அங்கே அமர்த்தினால் கலைஞர் மூலையில் யாருக்கும் கேட்காமல் வாசித்துக்கொண்டிருப்பார்; பணமும் வீண், அவர் மனமும் புண். மேலே சொன்ன அளவுக் கணக்கின் மறுபக்கம் இது. ஆட்டம் கட்டாயம் வேண்டும் என்றால் வரவேற்பை இரண்டாகப் பிரித்து, விருந்து வரை கிட்டார், அதன்பின் கதவடைத்த கூடத்தில் ஒரு மணி நேரம் ஆட்டம் என்று வைத்துக்கொள்ளலாம்.

எதற்குக் கூலி, எப்படி ஒப்பந்தம்

‘ஒருத்தர்தானே, மூன்று மணி நேரம்தானே, இவ்வளவு கேட்கிறாரே’ என்பது பேரத்தில் வழக்கமாக எழும் பேச்சு. மதுரையிலிருந்தோ கொச்சியிலிருந்தோ சின்னக்கானலுக்கு வருகிறவருக்கு மூன்று மணி நேர வாசிப்பு இரண்டு நாள் வேலை. முகூர்த்த நாட்கள் ஆண்டில் சிலவே. உங்களுக்கு ஒப்புக்கொண்ட நாளில் அவர் வேறெங்கும் போக முடியாது. நீங்கள் கேட்ட பாட்டுகளை ஒரே கருவிக்கு ஏற்றபடி அமைத்துப் பயிற்சி செய்ய வேண்டும். மேடையில் ஐந்து பேர் இருந்தால் ஒருவர் தண்ணீர் குடிக்கலாம். தனியாளுக்கு அந்த ஓய்வும் கிடையாது. மரக் கருவிக்கு மலையேற்றமே ஒரு சோதனை. காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு இருந்தால் கிட்டாருக்கு நல்லது. வெயிலடிக்கும் போடியிலிருந்து சாரலும் மூடுபனியும் உள்ள உயரத்துக்கு ஏறினால் மரம் ஈரத்தை இழுத்து உப்பும், குளிரில் தந்தி இறுகும், சுருதி நகர்ந்துகொண்டே இருக்கும். வந்து இறங்கியவுடன் வாசிக்கச் சொல்லாமல், கருவி இடத்துக்குப் பழக ஒன்றிரண்டு மணி நேரம் கொடுப்பது வாசிப்பின் தரத்துக்கே நல்லது.

அமர்த்துமுன் பார்க்க வேண்டியது அழகாக வெட்டி ஒட்டிய விளம்பரக் காணொளியை அல்ல. ஏதாவது ஒரு நிகழ்ச்சியில் இடைவெட்டில்லாமல் எடுத்த பத்து நிமிடத்தை. பேசி முடிக்க வேண்டிய விஷயங்களை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வைத்துக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. எத்தனை மணி முதல் எத்தனை மணிவரை, நடுவே எத்தனை இடைவேளை, தாமதமானால் கூடுதல் நேரத்துக்கு எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, மீதி எப்போது, நிகழ்ச்சி நின்றுபோனால் என்ன என்பவை பணம் சார்ந்தவை. ஒலிபெருக்கியும் மைக்கும் யார் கொண்டுவருவது, மழைக்காலத்தில் மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உடனே எடுக்குமா, மேடைக்குக் கூரை உண்டா என்பவை இடம் சார்ந்தவை. பாட்டுப் பட்டியலில் கட்டாயம் வேண்டியவை ஐந்தாறு மட்டும் குறித்துவிட்டு மிச்சத்தை வாசிப்பவரிடம் விடுவதே விவேகம். கூட்டத்தின் முகம் அவருக்குத்தான் தெரியும்.

காப்புரிமை பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், கல்யாண ஊர்வலத்தையும் கல்யாணம் சார்ந்த விழாக்களையும் உட்படுத்தி, அங்கே பாட்டு வாசிப்பதற்கு விலக்கு அளிக்கிறது. இதை மீறிக் கட்டணம் கேட்கக்கூடாது என்று மத்திய அரசின் தொழில் வளர்ச்சித் துறை 2023 ஜூலையில் அறிவிப்பும் வெளியிட்டது. ஆகவே கல்யாண வரவேற்பில் சினிமாப் பாட்டு வாசிக்க உரிமம் வேண்டாம். அலுவலக விருந்துக்கும் ரிசார்ட் தானே நடத்தும் புத்தாண்டு நிகழ்ச்சிக்கும் இந்த விலக்கு பொருந்தாது. வாசித்தவருக்கும் அதே சட்டத்தில் உரிமை இருக்கிறது. உங்கள் வீட்டு நினைவுக்காகப் பதிவு செய்துகொள்ளலாம். அதை எடுத்து ஒரு நிறுவனம் தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்தினால் கலைஞரின் சம்மதம் வேண்டும்.

வந்தவரை நடத்தும் விதமும் ஒப்பந்தத்தின் பகுதிதான். பந்தி முடிந்து பாத்திரம் கழுவும் நேரத்தில் கலைஞருக்கு இலை போடுவது நம் கல்யாணங்களில் பழைய குறை. யானை நடமாடும் சாலையில் இரவு 11 மணிக்கு அவரைத் தனியாகத் திருப்பி அனுப்பாமல் தங்க அறை கொடுப்பது, கூலிக்கு மேல் காட்டும் கருணை என்று நினைக்க வேண்டியதில்லை. மலையில் நிகழ்ச்சி வைப்பதன் செலவு அது. அந்தச் செலவைச் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகும், பெரிய குழு, அதன் வண்டி, அதன் மின்சாரம், அதன் ஆட்களுக்கு அறை என்று பார்த்தால் தனிக் கலைஞர் கைக்கு அடக்கமாகத்தான் இருப்பார்.

ஆகவே கலைஞரைத் தேடுவதற்கு முன்னால் வீட்டார் உட்கார்ந்து போட வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது: கல்யாணத்தின் எந்த நேரம் ஊருக்கு அறிவிப்பதற்கு, எந்த நேரம் ஆடுவதற்கு, எந்த நேரம் வந்தவர்கள் ஒருவரோடொருவர் பேசுவதற்கு? முதலாவதுக்கு நாதஸ்வரம், தவில். இரண்டாவதுக்குக் குழுவோ டிஜேயோ, பத்து மணிக்குள். மூன்றாவது நேரம்தான் கல்யாண அழைப்பிதழில் ‘தங்கள் வரவை எதிர்நோக்கும்’ என்று நாம் அச்சடிப்பதன் பொருள். அதற்கு ஒரு கிட்டார் கலைஞரும் ஒரு நல்ல நாற்காலியும் போதும். இந்தக் கணக்கைப் போடாமல் அமர்த்தும் எந்த வாத்தியமும், எவ்வளவு கொடுத்தாலும், தவறான நேரத்தில் ஒலித்துக்கொண்டிருக்கும்.